தொட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி: உயிரணுவின் வடிவையும் விறைப்பையும் அளந்த வரலாறு

நுண்ணோக்கி என்றதும் நம் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கண்தான். ஒரு கண்ணாடி வில்லை, கீழிருந்து வரும் வெளிச்சம், மேலே குனிந்து பார்க்கும் ஒரு கண். பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை உரித்து வைத்துப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் குருடர் ஒருவர் விரலால் தடவி முகத்தை அறிவதுபோல, ஒரு பொருளைத் தொட்டுத் தொட்டே அதன் உருவத்தைச் சொல்லிவிடும் நுண்ணோக்கி ஒன்றும் உண்டு. அதன் பெயர் அணுவிசை நுண்ணோக்கி. பிறந்த ஆண்டு 1986. உயிருள்ள செல் ஒன்றைக் கொல்லாமல் தொட்டு, அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், அழுத்தினால் எவ்வளவு குழியும் என்று அளந்து சொல்லக்கூடிய கருவி அது. அந்தக் கருவியின் வரலாற்றையும், அதனால் நோயாளிகளுக்கு என்ன பயன் வரலாம் என்பதையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்லுகிறேன்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, அகமதாபாத்துக்கு வந்து நாற்பது வருஷமாக ஜவுளி வியாபாரம் செய்கிறவன். படித்ததெல்லாம் கடையைப் பூட்டிய பிறகு படித்தது. "ஜவுளிக்காரருக்கு இதிலே என்ன வேலை?" என்று யாரும் கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இந்தக் கதை தொடங்குவதே ஒரு துணிக்கடையில்தான்.

துணிக்கடைக்காரர் கண்ட ரத்தச் செல்

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே 1632இல் பிறந்தவர் ஆன்டனி வான் லீவன்ஹூக். துணிக்கடை வைத்திருந்தவர். துணியில் இழை நெருக்கத்தை எண்ணிப் பார்க்க அந்தக் காலத்து வியாபாரிகள் சிறு பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். எங்கள் மஸ்கதி மார்க்கெட்டில் இன்றைக்கும் அப்படி ஒன்று மேஜை இழுப்பறையில் கிடக்கும். லீவன்ஹூக் அத்தோடு நிற்காமல் தானே சின்னஞ்சிறு வில்லைகளைத் தேய்த்துச் செய்து, குளத்து நீர், பல் அழுக்கு, ரத்தம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பார்க்கத் தொடங்கினார். கல்லூரிப் படிப்பு இல்லை, அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது. 1673 முதல் தன் தாய்மொழியிலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1680இல் அந்தச் சபை அவரை உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது.

அவருக்கு முன்பே, 1665இல், இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் சின்னச் சின்ன அறைகளைக் கண்டு அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டிருந்தார். ஹூக் கண்டவை உயிர் போன செல்களின் வெறும் சுவர்கள். லீவன்ஹூக்கோ ரத்தச் செல்களைப் பார்த்ததோடு, 1675 வாக்கில் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்தார். ஆரோக்கியமான உடம்பில் இந்த உருண்டைகள் நெகிழ்ச்சியாக இருந்தாக வேண்டும், அப்போதுதான் மிகக் குறுகலான ரத்த நாளங்களில் நீள்வட்டமாக நெளிந்து நுழைந்து, அகலமான இடம் வந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்ப முடியும் என்றார். செல்லின் வடிவத்தையும் நெகிழ்ச்சியையும் உடல்நலத்தோடு சேர்த்துச் சொன்ன முதல் வார்த்தைகளில் அது ஒன்று. அந்த நெகிழ்ச்சியை எண்ணால் அளக்கப் பின்னும் முந்நூறு வருஷம் ஆயிற்று.

கண்ணுக்கு எட்டாத எல்லை

ஏன் அவ்வளவு காலம்? முதல் காரணம் வெளிச்சத்துக்கு உள்ள எல்லை. ஒளியும் ஓர் அலை. அதன் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே இதைக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த எல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர். ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1930களில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ரஸ்கா, ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தி இந்த எல்லையைத் தாண்டினார். வைரஸ்களின் உருவம் தெரிய வந்தது அந்தக் கருவியால்தான். ஆனால் அதன் உள்ளே காற்று இருக்கக் கூடாது, வெற்றிடமாக இருக்க வேண்டும். அதற்குள் போகும் செல் உலர்த்தப்பட்டோ உறைய வைக்கப்பட்டோதான் போகும். கருவாட்டைப் பார்த்து மீன் எப்படி நீந்தும் என்று சொல்ல முடியுமா? அந்த நிலைதான்.

தங்கத் தகடும் வைரத் துண்டும்

1981இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் அருகே ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்ற இருவர் வேறொரு வழி கண்டார்கள். கூரிய ஊசியைப் பொருளின் மேற்பரப்புக்கு ஒரு நானோமீட்டர் அளவு நெருக்கமாகக் கொண்டுபோனால், தொடாமலே சிறிய மின்னோட்டம் பாயும். இடைவெளி துளி மாறினாலும் மின்னோட்டம் பல மடங்கு மாறிவிடும். அதை வைத்து மேற்பரப்பின் மேடு பள்ளத்தை அணு அணுவாக வரைந்துவிடலாம். இதற்காக 1986இல் அவர்களுக்கு நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. மறு பாதி யாருக்கு என்றால், எழுபத்தொன்பது வயதான ரஸ்காவுக்கு!

ஆனாலும் ஒரு குறை. மின்சாரம் பாயும் பொருளைத்தான் அப்படிப் பார்க்க முடியும். பீங்கான், கண்ணாடி, புரதம், செல் எதுவும் ஆகாது. பின்னிக் அப்போது கலிபோர்னியாவில் இருந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கால்வின் குவேட், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துத் தோழர் கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகியோருடன் சேர்ந்து அவர் யோசித்தார். மின்னோட்டம் எதற்கு? ஊசியின் நுனிக்கும் பொருளுக்கும் இடையில் இழுப்பும் தள்ளலும் ஆகிய விசை எப்போதும் இருக்கிறதே. ஊசியை மெல்லிய வில் ஒன்றின் முனையில் பொருத்திவிட்டால், அந்த விசைக்கேற்ப வில் வளையும். வளைவை அளந்தால் போதும்.

முதல் கருவியின் வில் தங்கத் தகட்டால் ஆனது. ஊசி, அதில் ஒட்டிய ஒரு வைரத் துணுக்கு. தங்கமும் வைரமும் சேர்ந்த விலையுயர்ந்த ஊசி என்று நினைக்காதீர்கள், இரண்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு! மின்சாரம் கடத்தாத அலுமினிய ஆக்சைடின் மேற்பரப்பை அதைக் கொண்டு அளந்து, 1986இல் கட்டுரை வெளியிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2016இல், மூவருக்கும் காவ்லி பரிசு கிடைத்தது.

கருவியின் வேலைமுறையைப் பழைய கிராமபோனை நினைத்தால் புரிந்துகொள்ளலாம். இசைத்தட்டின் வரியில் ஊசி மேடு பள்ளத்துக்கேற்ப ஏறி இறங்கும் அல்லவா? அதுபோல இந்த ஊசி செல்லின்மேல் வரிவரியாக ஓடுகிறது. அதன் ஏற்ற இறக்கத்தைக் காண 1988 வாக்கில் எளிய வழி ஒன்று வந்தது. வில்லின் முதுகில் லேசர் கதிரை விழச் செய்து, அது தெறித்து விழும் இடத்தைக் கவனிப்பது. சின்னப் பிள்ளைகள் வெயிலில் கண்ணாடியைக் காட்டிச் சுவரில் ஒளிப்பொட்டு ஆடவிடுவார்களே, கை கொஞ்சம் அசைந்தால் சுவரில் பொட்டு எவ்வளவு தூரம் ஓடுகிறது! அதே தந்திரம். ஊசியையும் பொருளையும் அணு அளவில் நகர்த்த, மின்னழுத்தம் கொடுத்தால் நீளவும் சுருங்கவும் செய்யும் படிகம் உதவுகிறது. படிகங்களின் அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை 1880இல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள்.

நீருக்குள் இறங்கிய ஊசி

உயிரியலுக்குப் பெரிய கதவு திறந்தது, இந்த ஊசி தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும் என்று தெரிந்தபோதுதான். கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் பால் ஹான்ஸ்மா குழுவினர் இதில் முன்னோடிகள். 1989இல் அவர்கள், ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரதம் ஒன்றோடொன்று கோத்து இழையாவதைத் திரவத்துக்குள்ளேயே படமெடுத்துக் காட்டினார்கள். 1992இல் ஹெண்டர்சன் குழுவினர் உயிருள்ள மூளைத் துணைச் செல்களின்மேல் ஊசியை ஓட்டி, மேல்சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்னும் புரத இழைகள் இடம் மாறுவதைக் கண்டார்கள். போர்வைக்குள் படுத்திருக்கும் குழந்தையின் கை கால் எங்கே இருக்கிறது என்று மேலே தடவியே கண்டுபிடிக்கிறோம் அல்லவா, அப்படி.

இதற்குப் பயன்படும் வில்லின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். செல்லை அழுத்தும் விசை ஒரு நானோநியூட்டன் அளவு. அது எவ்வளவு என்று தராசுக் கணக்கில் சொல்லுகிறேன். ஒரு கிராம் தங்கத்தை ஒரு கோடிப் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கின் எடை. பொற்கொல்லர் தராசெல்லாம் இதன்முன் மாட்டுவண்டி எடைமேடை மாதிரி.

2004இல் பெல்லிங், கிம்செவ்ஸ்கி ஆகியோர் ஊசியை நகர்த்தாமல் ஒரு ஈஸ்ட் செல்லின்மேல் சும்மா வைத்துக் காத்திருந்தார்கள். ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். செல்லின் சுவர் நொடிக்குச் சுமார் ஆயிரம் தடவை அதிர்ந்துகொண்டிருந்தது. செல்லின் உயிர்ச்செயலை நிறுத்தும் ரசாயனத்தைச் சேர்த்தவுடன் அதிர்வும் அடங்கிவிட்டது.

அழுத்திப் பார்த்து அளப்பது

துணி வாங்க வருகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? பார்த்ததும் கை தானாக நீளும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார்கள். கஞ்சி போட்டதா, உண்மையிலேயே கெட்டித் துணியா என்பது அப்போது தெரிந்துவிடும். செல்லிலும் அணுவிசை நுண்ணோக்கி செய்வது இதையேதான், எண்ணோடு.

கடினமான கண்ணாடியின்மேல் ஊசியை இறக்கினால், எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவும் வில் வளையும். மெத்தென்ற செல்லின்மேல் இறக்கினால், இறக்கியதில் ஒரு பகுதி செல் குழிவதில் போய்விடும், மீதிதான் வில்லின் வளைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குழிவின் ஆழம். எவ்வளவு விசைக்கு எவ்வளவு குழிவு என்று தெரிந்தால் விறைப்பைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கைத் தந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். வானொலி அலைவரிசைக்கு இன்று அவர் பெயரைத்தான் சொல்லுகிறோம். 1882இல், இருபத்தைந்து வயதில், இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது என்ன ஆகிறது என்று அவர் எழுதிய கட்டுரை நூறு வருஷத்துக்குப் பிறகு செல்லை அளக்க உதவுகிறது.

விறைப்பின் அலகு பாஸ்கல். கண்ணாடிக்குச் சுமார் 7,000 கோடி பாஸ்கல். ரப்பருக்குப் பத்து லட்சமும் அதற்கு மேலும். செல்லுக்கோ சில நூறிலிருந்து சில ஆயிரங்கள் வரைதான் பெரும்பாலும். அந்தச் சிறு விறைப்பும் எங்கிருந்து வருகிறது? செல்லுக்குள் புரத இழைகளாலான சட்டகம் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்கு மூங்கிலும் கயிறும் போல. 2000இல் ராட்மாக்கர் குழுவினர் மருந்து கொடுத்து ஆக்டின் இழைகளைக் கலைத்தபோது செல் தளர்ந்துபோயிற்று. மற்றொரு வகையான நுண்குழல்களைக் கலைத்தபோது அப்படிப் பெரிதாக மாறவில்லை. பந்தலைத் தாங்குவது எந்தக் கயிறு என்று அதிலிருந்து தெரிந்தது.

தட்டையாகக் கிடந்தது பந்தாகும்போது

வடிவத்தைப் பற்றியும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தட்டில் வளரும் செல் தோசைபோலப் பரந்து கிடக்கும். இரண்டாகப் பிரியும் நேரம் வந்ததும் சுருண்டு எழுந்து பந்துபோல் உருண்டுவிடும். எந்தப் பலத்தில் எழுகிறது? 2011இல் டேனியல் முல்லர், டோனி ஹைமன் குழுவினர், ஊசி இல்லாத தட்டையான வில்லைச் செல்லின் தலைக்குமேல் கூரைபோல நிறுத்தி, அது எழும்போது கூரையை எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தார்கள். உள்ளிருக்கும் நீரழுத்தம் வெளியே தள்ளுகிறது, சவ்வுக்கு அடியிலுள்ள ஆக்டின், மயோசின் வலை சுருங்கி உள்ளே இழுக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் செல்லைப் பந்தாக்குகின்றன என்று தெரிய வந்தது.

அவர்கள் பயன்படுத்தியது ஹீலா என்னும் செல் வகை. 1951இல் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவர் சம்மதம் கேட்காமலே எடுக்கப்பட்டவை. உலகத்து ஆய்வுக்கூடங்களில் அவை இன்றும் வளர்கின்றன. அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.

கட்டி கெட்டி, செல் மென்மை

இனி நமக்கெல்லாம் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். மார்பில் கட்டி என்று போனால் டாக்டர் முதலில் தொட்டுத்தான் பார்க்கிறார். கல்போல் இருந்தால் அவர் முகம் மாறும். ஆனால் 1999இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் மால்கோர்சாட்டா லெக்கா குழுவினர், சிறுநீர்ப்பையின் புற்றுச் செல்களையும் சாதாரணச் செல்களையும் தனித்தனியே தொட்டு அளந்தபோது, புற்றுச் செல்களே மிக மென்மையாக இருந்தன. கட்டி கெட்டியாக இருக்க, அதற்குள் இருக்கும் செல் மட்டும் எப்படி மென்மையாகும்?

2012இல் பேசல் பல்கலைக்கழகத்தார் மார்பகத் திசுத் துண்டுகளை அங்குலம் அங்குலமாக அல்ல, மைக்ரான் மைக்ரானாகத் தொட்டுப் பார்த்து இதற்கு விடை தந்தார்கள். நல்ல திசுவிலும் சாதுக் கட்டியிலும் விறைப்பு எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. புற்றுக் கட்டியிலோ மிக மென்மையான இடமும் மிகக் கெட்டியான இடமும் கலந்து கிடந்தன. கெட்டி, செல்களைச் சுற்றிச் சேர்ந்த நார்ப் பொருளால் வருவது. மென்மை, செல்களுடையது. இடுக்குகளில் நெளிந்து நுழைந்து வேறிடம் பரவ அந்த மென்மை உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2003இல் என் அக்காவுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். "சந்தேகமான செல்கள் உள்ளன, உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று அறிக்கை வந்தது. மறுபடி நீர் எடுத்து, மறுபடி காத்திருந்து, முடிவு தெரியப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு நாங்கள் பயந்ததுதான். அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். டாக்டர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்த நீரில் இருக்கும் சாதாரணச் செல்லும் வீங்கி உருமாறும்போது, பார்வைக்குப் புற்றுச் செல் மாதிரியே தோன்றும். அனுபவசாலிக் கண்ணுக்கும் திணறல்தான்.

2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் கிம்செவ்ஸ்கி, ராவ் ஆகியோரின் குழு செய்த ஆய்வைப் படித்தபோது அதனாலேயே எனக்குக் கை நடுங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது அதே நுரையீரல் நீர். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த செல்களை ஊசியால் தொட்டார்கள். சாதாரணச் செல்லின் விறைப்பு சராசரி 1,970 பாஸ்கல், புற்றுச் செல்லுக்கு 530. எழுபது சதவிகிதத்துக்கும் அதிகமான வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாதது தொட்டபோது தெரிந்தது. இந்த ஆய்வின் முக்கியத்துவத்தை அதே இதழில் விளக்கி எழுதியவர் சுப்ரா சுரேஷ். தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, 1977இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கே இயக்குநராக இருந்தவர். மலேரியாக் கிருமி புகுந்த ரத்தச் செல்கள் பத்து மடங்கு வரை விறைத்துப் போவதை, ஒளிக்கற்றையால் செல்லைப் பிடித்து இழுக்கும் மற்றொரு முறையால் அவர் குழுவினர் அளந்தார்கள். லீவன்ஹூக் சொன்ன நெகிழ்ச்சி இங்கே தொலைந்துபோகிறது. விறைத்த செல் குறுகிய நாளத்தில் அடைத்துக்கொள்கிறது. அரிவாள் செல் சோகையிலும் இப்படியேதான். நம் குஜராத்தின் பழங்குடி மக்களிடையே அதிகம் காணப்படும் நோய் அது. அதை ஒழிப்பதற்கென்று 2023இல் மத்திய அரசு தனித் திட்டமே தொடங்கியது.

படிக்கல் ஒன்றாக வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனை ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகிவிடவில்லை. 2018இல் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, ஒரே வகை மார்பகப் புற்றுச் செல்லைப் பல முறைகளில் அளந்து பார்த்தன. விறைப்பின் எண் ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டது! ஊசியின் கூர்மை, அழுத்தும் வேகம், குழிவின் ஆழம், தொட்ட இடம் செல்லின் நடுவா ஓரமா என்று எல்லாமே எண்ணை மாற்றும். ஒரே சரக்கு கடைக்குக் கடை வேறு எடை காட்டினால் வியாபாரம் நடக்குமா? எல்லாருக்கும் பொதுவான படிக்கல் வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. தவிர, செல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு முடிக்க நேரமும் நிறையப் பிடிக்கிறது. ஆகவே "தொட்டுப் பார்த்துப் புற்றுநோய் சொல்லுகிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். டாக்டர் சொல்லும் திசுப் பரிசோதனையே இன்றைக்கு நம்பகமானது.

இன்னொரு எச்சரிக்கை நம்மவர்களுக்கு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் பிரிக்கும்போது, முதல் அறிவாக வைப்பது தொடு உணர்வை. சமண நூல்களும் ஓரறிவு உயிருக்கு உள்ள ஒரே புலன் தொடுதல் என்றே சொல்லுகின்றன. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கொண்டு நம் முன்னோர் அணுவிசை நுண்ணோக்கியை அறிந்திருந்தார்கள் என்று மேடையில் பேசிவிடக் கூடாது. புலன்களின் வரிசையைச் சிந்தித்துச் சொன்னது ஒரு பெருமை, தங்கத் தகட்டில் வைரத் துணுக்கை ஒட்டி அளந்து காட்டியது வேறொரு பெருமை. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து மதிப்போம்.

ரோரர் 2013இலும் குவேட் 2019இலும் மறைந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கருவி நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.க்களிலும் இருக்கிறது. இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலரும் பொறியியலோ மருத்துவமோ என்று இரண்டு வாசலை மட்டுமே பார்க்கிறார்கள். இயற்பியலும் பொறியியலும் மருத்துவமும் ஒரே ஊசி முனையில் சேரும் துறை இது. அதற்குத் தேவையான பொதுப் படிக்கல்லைச் செய்து தரப்போகிறவர் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் இப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கலாம். பெற்றோர்கள் இந்தப் பக்கங்களை அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளையானால் வாயால் சொல்லுங்கள், போதும்.